மாமியாரின் டிரங்குப் பெட்டியும் மூவாயிரம் வெள்ளியும்

கிள்ளானிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். திருமணமாகி இரண்டு வருடம். கணவன், மனைவி இருவருக்கும் வேலை. பழைய அடுக்குமாடி ஒன்றில் மூன்று அறை வீடு வாங்கியிருக்கிறார்கள். முன்பணம், வழக்கறிஞர் கட்டணம், தண்ணீர், மின்சார வைப்புத்தொகை எல்லாம் போக, வீட்டை அலங்கரிக்கக் கையில் மிஞ்சியிருப்பது மூவாயிரம் வெள்ளி. அவருக்கு 'விண்டேஜ்' பாணி பிடிக்கும். கடையில் போய் விலை கேட்டிருக்கிறார். புது மரத்தில் செய்து, வேண்டுமென்றே உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கிய ஓர் அலமாரியே இரண்டாயிரத்துக்கு மேல். அதிர்ந்துபோய், "பழைய சாமான்களை வாங்கிச் செய்யலாமா?" என்று வீட்டில் கேட்டிருக்கிறார். கூடவே இருக்கும் மாமியார் ஒரே வரியில் முடித்துவிட்டாராம்: "நாம என்ன இன்னும் லயத்துலயா இருக்கோம்?"

கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மூவாயிரத்துக்குள் முடியுமா என்பது முதலாவது. முடியும், கொஞ்சம் மிச்சமும் பிடிக்கலாம். அத்தையை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்பது இரண்டாவது. அதுதான் கடினமானது. ஆகவே அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நம் நாட்டில் இன்று அறுபது, எழுபது வயதில் இருக்கும் தமிழர்களில் பலர் தோட்டத்தில் பிறந்தவர்கள். பழைய சாமான் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது இணையத்தில் பார்த்த அழகான படங்கள். அவர்களுக்கு நினைவுக்கு வருவது ஒழுகும் கூரையும், பொதுக் குழாயடி வரிசையும், விடியுமுன் பெரட்டுக்கு ஓடிய அவசரமும்தான். தகர டிரங்குப் பெட்டி அவர்கள் வீட்டில் அலங்காரப் பொருளாக இருந்ததில்லை. அலமாரி வாங்க வழியில்லாததால் துணி, சிவப்பு அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், திருமணத்தில் வந்த நாலு பவுன் எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. தோட்டத்தைத் துண்டாடி விற்றபோதும், பால் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டபோதும், பிறகு அந்த நிலத்தில் தாமான்கள் எழுந்தபோதும், அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் குடும்பங்கள் வெளியேறின. பட்டணத்துக்கு வந்து, கஷ்டப்பட்டு மகனைப் படிக்க வைத்து, அவன் சொந்த வீடு வாங்கிய பிறகு, அதே பெட்டியை ஹாலின் நடுவில் வைத்து மேலே ஒரு பூச்சாடியையும் வைத்தால் அந்த அம்மாவுக்கு எப்படி இருக்கும்? பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் 'மேசை வாங்கக்கூட முடியவில்லை போல' என்று நினைப்பார்கள் என்ற கூச்சமும் இருக்கும். அதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது.

அதனால் என் முதல் ஆலோசனைக்கு ஒரு காசும் செலவில்லை. சந்தைக்குப் போவதற்கு முன் மாமியாரோடு உட்கார்ந்து பேசுங்கள். எது வீட்டில் இருக்கலாம், எது கூடாது என்று கேளுங்கள். என் அனுபவத்தில் பதில் 'எதுவும் வேண்டாம்' என்று வருவதில்லை. பித்தளைக் குத்துவிளக்கு, செம்புக் குடம், வெற்றிலைப் பெட்டி, பல்லாங்குழி, முறுக்கு அச்சு, அரிவாள்மனை போன்றவற்றை அவர்களே ஆசையோடு எடுத்துத் தருவார்கள். அவற்றில் வறுமை இல்லை. அம்மா வீட்டுச் சீதனமும் பண்டிகையும் இருக்கின்றன. பால் மங்கு, பால்வெட்டு உளி, காண்டா வாளி என்று தொழிலோடு ஒட்டிய சாமான்கள்தாம் சிலருக்கு உறுத்தும், சிலருக்குப் பெருமையாக இருக்கும். இரண்டும் இயல்பே. களிமண்ணில் செய்து மேலே பளபளப்புப் பூசிய பழைய பால் மங்குகளைக் காப்பிக்கடைகளில் சின்னச் செடி வைத்து அழகுக்கு அடுக்கியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த மங்கைத் தினமும் நூற்றுக்கணக்கில் துடைத்துக் கவிழ்த்த கை உங்கள் வீட்டிலேயே இருந்தால், அந்தக் கைக்குச் சொந்தக்காரரைக் கேட்காமல் அதைச் சுவரில் மாட்டாதீர்கள்.

டிரங்குப் பெட்டி விஷயத்தில் ஒரு நடுவழி உண்டு. ஹாலில் வைக்க வேண்டாம். துரு நீக்கி, உள்ளே துணி ஒட்டி, உங்கள் படுக்கையறையில் கட்டிலின் கால்மாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளிகள் கண்ணில் படாது. போர்வையும் தலையணை உறையும் வைக்க அதைவிட நல்ல இடம் இல்லை. மாமியாருக்கு அதுவும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அது அவருடைய பெட்டி.

சரி, இனிப் பணத்துக்கு வருவோம்.

'விண்டேஜ்' என்ற சொல்லுக்கு இப்போது அளவே இல்லாமல் போய்விட்டது. பொதுவாக நூறு வருடத்தைத் தாண்டியதை 'ஆன்டிக்' என்கிறார்கள். அதற்கும் குறைந்த, ஆனால் இன்று தயாரிப்பில் இல்லாத பழைய காலப் பொருள்களுக்கு 'விண்டேஜ்' என்று பெயர். ஆன்டிக் பக்கமே போகாதீர்கள். அங்கே மூவாயிரம் வெள்ளிக்கு ஒரு கதவுகூட வராது, போலிகளும் அதிகம். நம் பட்ஜெட்டுக்கு ஏற்ற காலம் 1950 முதல் 1980 வரை. அந்த முப்பது வருடத்துச் சாமான்கள் நம் நாட்டில் இன்னும் ஏராளமாகக் கிடைக்கின்றன. காரணம் எளிது: அவை பணக்காரர்களுக்காகச் செய்யப்பட்டவை இல்லை. காப்பிக்கடை, கிளினிக், பள்ளிக்கூடம், சாதாரணக் குடும்பம் என்று எல்லாரும் வாங்கினார்கள்.

எதையெல்லாம் தேடலாம்? இரும்புச் சட்டத்தில் பிளாஸ்டிக் கயிறு சுற்றிய வட்ட நாற்காலி. வீட்டு வாசலில் தாத்தா உட்கார்ந்து பேப்பர் படித்த அதே நாற்காலிதான். கயிறு அறுந்து போயிருந்தாலும் சட்டம் நன்றாக இருந்தால் வாங்கலாம்; கயிற்றைப் புதிதாகச் சுற்றிக்கொள்ளலாம், இரண்டு மூன்று மாலை வேலை. அடுத்து, சாய்ந்த கால்களும் தட்டையான மெத்தையும் உள்ள அறுபதுகளின் மரச் சோபா. ரோத்தான் நாற்காலி. காலால் மிதிக்கும் தையல் மிஷினின் வார்ப்பிரும்புக் கால்கள். மிஷின் கெட்டுப்போயிருந்தால் இன்னும் நல்லது, விலை இறங்கும். மேலே ஒரு பலகை போட்டால் மடிக்கணினி மேசையாகிவிடும். கம்பிவலைக் கதவு போட்ட சாப்பாட்டு அலமாரி. குளிர்பெட்டி வராத காலத்தில் மீதிக் குழம்பும் பொரித்த மீனும் பூனைக்கு எட்டாமல் இருந்த இடம். இன்று புத்தகம் வைக்கலாம், தட்டுகள் வைக்கலாம்.

சீனர் காப்பிக்கடைகளில் வளைந்த மரத்தில் செய்த நாற்காலிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் மூதாதை வியன்னாவில் மைக்கேல் தோனெட் என்பவர் 1859-ல் வெளியிட்ட 14-ஆம் எண் நாற்காலி. ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு நட்டுகள், அவ்வளவுதான் மொத்த நாற்காலியும். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகளை அனுப்பலாம் என்பதால்தான் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. நமக்கு இதில் உள்ள பயன்: அந்த வகை நாற்காலி ஆடினால் பயப்பட வேண்டியதில்லை. பெரும்பாலும் திருகாணியை முடுக்கினால் போதும். ஆடுகிறது என்பதைச் சொல்லியே விலையையும் குறைக்கலாம்.

மேசை மேற்பரப்பில் ஃபார்மைக்கா ஒட்டியிருந்தால் 'பிளாஸ்டிக்' என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது 1912-ல் அமெரிக்காவில் மின்சாரச் சாதனங்களுக்குக் காப்புப் பொருளாகக் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகுதான் சமையலறைக்கு வந்தது. சாம்பார் கறை, சூடான டம்ளர் எதற்கும் அசையாது. குழந்தை உள்ள வீட்டுக்கு, அழகான தேக்கு மேசையைவிட இதுவே நிம்மதி.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. எண்பதுகளில் வந்த நாற்காலிகளும் மேசைகளும் பல ரப்பர் மரத்தில் செய்தவை. அதற்கு முன்பெல்லாம் பால் வற்றிய மரத்தை விறகாகத்தான் எரித்தார்கள். பூச்சியும் பூஞ்சையும் எளிதில் பிடிக்கும் மரம் அது. போரான் மருந்தேற்றி உலர்த்தும் முறை வந்த பிறகே தளபாடத் தொழில் அதைப் பெரிய அளவில் பயன்படுத்தத் தொடங்கியது. இருபத்தைந்து, முப்பது வருடம் பால் கொடுத்து ஓய்ந்த மரம் அது. வெளிர் மஞ்சள் நிறம், நல்ல கனம். இரண்டாம் கையில் மிக மலிவாகக் கிடைக்கும், ஏனென்றால் யாரும் அதை 'விண்டேஜ்' என்று இன்னும் மதிப்பதில்லை. மாமியாரிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். அவர் வெட்டிய மரமாகவே இருக்கலாம்.

செலவு வரிசையில்தான் பலர் சறுக்குகிறார்கள். சாமானை முதலில் வாங்கிக் குவித்துவிட்டு, 'என்னமோ படத்தில் பார்த்த மாதிரி இல்லையே' என்று யோசிப்பார்கள். முதலில் விளக்கை மாற்றுங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் 'டேலைட்' எனப்படும் நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம்தான். பெட்டியில் 6500 கே என்று போட்டிருக்கும். அந்த வெளிச்சத்தில் எந்தப் பழைய மரமும் மருத்துவமனைச் சாமான் மாதிரி தெரியும். 2700 அல்லது 3000 கே என்று அச்சிட்ட மஞ்சள் பல்புகளை ஹாலிலும் படுக்கையறையிலும் போடுங்கள். சமையலறையிலும் பிள்ளைகள் படிக்கும் மேசையிலும் வெள்ளையே இருக்கட்டும்; பாணிக்காகக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது பெயிண்ட், அதுவும் ஒரே ஒரு சுவருக்கு. 12 அடி அகலம், 9 அடி உயரமுள்ள சுவர் 108 சதுர அடி, ஏறக்குறைய 10 சதுர மீட்டர். ஒரு லிட்டர் பெயிண்ட் ஒரு பூச்சுக்குச் சுமார் பத்து சதுர மீட்டர் வரும். இரண்டு பூச்சுக்கு இரண்டு லிட்டர் போதும். மங்கிய பச்சை, களிமண் சிவப்பு, பாலாடை நிறம் மூன்றும் நம் வெயிலுக்கும் பழைய சாமான்களுக்கும் பொருந்துபவை. பழைய காப்பிக்கடைகளில் செய்வது போலச் சுவரின் கீழ்ப்பாதிக்கு மட்டும் பச்சை அடித்து, மேலே வெள்ளையாக விட்டால் செலவு இன்னும் பாதி. குழந்தை சுவரில் கை வைக்கும் உயரமும் அதுதான் என்பது கூடுதல் வசதி.

மூவாயிரத்தை நான் பிரித்தால் இப்படிப் பிரிப்பேன். ஆயிரத்தைத் தனியாக எடுத்து ஒதுக்கி வைப்பேன். அதைத் தொடவே மாட்டேன். பழைய அடுக்குமாடியில் குடியேறிய முதல் வருடத்தில் ஏதாவது ஒரு குழாய் ஒழுகும். விளக்குக்கும் பெயிண்டுக்கும் முந்நூறு, நானூறு. ஹாலில் கண்ணில் முதலில் படும் ஒரே ஒரு பெரிய சாமானுக்கு, சோபாவோ அலமாரியோ, அறுநூறு வரை. மீதியில் பழுதுபார்ப்புக்கு ஒரு பங்கு, சின்னச் சாமான்களுக்கு ஒரு பங்கு. லாரி வாடகையை மறக்காதீர்கள். இணையத்தில் 'இலவசம், வந்து எடுத்துச் செல்லவும்' என்று போட்டிருக்கும் அலமாரியை ஈப்போவிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரும் செலவில் இங்கேயே ஒன்று வாங்கிவிடலாம்.

எங்கே வாங்குவது? முதலில் சொந்த பந்தங்களின் ஸ்டோர் ரூம். தீபாவளிக்கு முன் எல்லா வீட்டிலும் சுத்தம் செய்வார்கள், அந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொரு வீடாகத் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஏதாவது கொடுக்கப்போறீங்களா?" என்று கேளுங்கள். ஒலிபெருக்கியில் 'சூராட் காபார் லாமா' என்று கூவிக்கொண்டு வருமே பழைய பேப்பர் லாரி, அதில் ஏறிப் போகும் சாமான்களில் பாதி நல்ல சாமான்கள். பித்தளைக் குடத்தையும் அண்டாவையும் அவர்கள் எடைக்கு எடுக்கிறார்கள். எடைக்குப் போகும் விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் கொடுக்கிற பெரியம்மாவுக்கும் லாபம், உங்களுக்கும் லாபம்.

அடுத்து சந்தைகள். பினாங்கு ஜார்ஜ்டவுனில் சிட்டி ஸ்டேடியத்தை ஒட்டிய லோரோங் கூலிட் காலைச் சந்தை, ஈப்போவில் ஞாயிறு காலை கூடும் 'மெமரி லேன்', பெட்டாலிங் ஜெயாவில் அம்கார்ப் மாலின் வாரக்கடைசிச் சந்தை ஆகியவை தெரிந்த பெயர்கள். ஊருக்கு ஊர் 'பாசார் காராட்' என்று ஒன்று இருக்கும். துருப்பிடித்த சந்தை என்று பெயரே சொல்லிவிடுகிறது. மால் சந்தையில் விலை அதிகம், சாமான் சுத்தமாக இருக்கும். தெருச் சந்தையில் விலை குறைவு, கண் கூர்மையாக இருக்க வேண்டும். சந்தைக்குப் போகும்போது அளவு நாடா, கைவிளக்கு, சின்ன நோட்டுகள் மூன்றும் வேண்டும். நூறு வெள்ளி நோட்டை நீட்டிக்கொண்டு முப்பது வெள்ளிக்குப் பேரம் பேசினால் யாரும் இறங்க மாட்டார்கள். உங்கள் மின்தூக்கியின் கதவு அகலத்தையும் வீட்டு வாசல் அகலத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேக்கு அலமாரி வாங்கி, அது மின்தூக்கியில் நுழையாமல் ஒன்பது மாடிக்குப் படியேற்றியவர்களை எனக்குத் தெரியும்.

'ஓடும்' என்று சொல்லி விற்கும் பழைய ரேடியோக்களில் கவனம் வேண்டும். குறிப்பாக ரெடிஃபியூஷன் பெட்டி. கோலாலம்பூரில் 1949-ல் தொடங்கிய சேவை அது. கம்பி வழியாக வீட்டுக்கு வீடு நிகழ்ச்சி வரும், மாதக் கட்டணம் உண்டு. அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஏறக்குறைய ஒலிபெருக்கி மட்டுமே. கம்பி போன பிறகு அது எப்படி ஓடும்? அழகுக்கு வாங்குங்கள், அழகுக்கான விலையை மட்டும் கொடுங்கள்.

இப்போது கொஞ்சம் கறாராகப் பேச வேண்டிய பகுதி. பழைய சாமான் வீட்டுக்குள் வரும்போது தனியாக வருவதில்லை. மரச்சாமானைத் திருப்பிப் பாருங்கள். அடியிலும் பின்புறத்திலும் குண்டூசித் தலை அளவில் துளைகள் இருந்தால் வண்டு குடியிருந்த வீடு. பழைய துளையால் கெடுதல் இல்லை. கையால் தட்டும்போது மாவு மாதிரிப் புதுத் தூள் கொட்டினால் இன்னும் குடியிருக்கிறது என்று அர்த்தம். அதை வீட்டுக்குள் ஏற்றவே வேண்டாம். சின்ன மரப்பெட்டியாக இருந்தால் பிளாஸ்டிக்கில் இறுக்கச் சுற்றி, குளிர்பெட்டியின் உறைநிலைப் பகுதியில் இரண்டு வாரம் வைத்து எடுக்கலாம். பெரிய சாமானுக்கு அந்த வசதி இல்லை. மண் கோடு தெரிந்தால் கரையான். கேள்வியே வேண்டாம், விட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். துணி மெத்தை போட்ட சோபாவில் தையல் ஓரங்களில் கருப்புப் புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி. மெத்தையைக் கழற்ற முடிகிற சோபாவை மட்டும் வாங்கி, மெத்தையை அங்கேயே விட்டுவிட்டு மரச்சட்டத்தோடு வாருங்கள். புதுப் பஞ்சும் உறையும் தைத்துக்கொள்வது எப்படியும் செய்ய வேண்டிய வேலை.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். குழந்தைகளுக்கு ஈயம் எவ்வளவு குறைவாகப் போனாலும் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. ஆகவே பெயிண்ட் அடித்த பழைய கதவையோ தொட்டிலையோ பால்கனியில் உட்கார்ந்து காய்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். பறக்கும் தூள்தான் ஆபத்து. பெயிண்ட் உரிந்து விழாமல் உறுதியாக இருந்தால், ஈரத்துணியால் துடைத்து மேலே புதுப் பெயிண்ட் அடித்து மூடிவிடுவதே பாதுகாப்பு. உரிகிறதென்றால் வாங்கவே வேண்டாம். பெயிண்ட் அடித்த பழைய தொட்டிலை, எத்தனை அழகாக இருந்தாலும், குழந்தையைப் போடப் பயன்படுத்தக் கூடாது. பிள்ளை கம்பியைக் கடிக்கும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த உரிக்கும் வேலையையே அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போடுங்கள். 'ஷேபி சிக்' என்று உரிந்த பெயிண்டையே அழகாக விற்கிறார்கள் இப்போது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

மின்சாரச் சாமான்களுக்கு ஒரே விதி: வாங்கியதும் சொருகிப் பார்க்காதீர்கள். பழைய மேசை விளக்குகளிலும் காற்றாடிகளிலும் துணி சுற்றிய கம்பியோ காய்ந்து வெடித்த ரப்பர் கம்பியோ இருக்கும். உருண்டை முள் பிளக் இருக்கும். உடலே உலோகமாக இருந்து, மண்கம்பியும் இல்லாவிட்டால், ஒரு சின்னக் கசிவு போதும் உயிருக்கு உலை வைக்க. விளக்கென்றால் உள்ளே உள்ள கம்பி, ஹோல்டர், சுவிட்ச், பிளக் எல்லாவற்றையும் பதிவு பெற்ற வயர்மேனிடம் கொடுத்துப் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். மாற்றும் பொருள்களில் சிரிம் முத்திரை இருக்கட்டும். வால்வு ரேடியோவை அலமாரியில் வைத்துப் பாருங்கள், போதும். மிச்சம் பிடிக்கிறேன் என்று சொந்தமாக இதில் கை வைக்க வேண்டாம். ஒதுக்கி வைத்த ஆயிரத்தில் இதற்குக் கொஞ்சம் எடுக்கலாம்.

எனாமல் மங்கு, எனாமல் தட்டு, டிபன் கேரியர் எல்லாம் பார்க்கக் கொள்ளை அழகு. பூச்சு உடைந்து உள்ளே கருப்பு தெரிந்தால் அதில் சமைக்கவோ சாப்பிடவோ வேண்டாம். சுவரில் மாட்டலாம், சாவி போட்டு வைக்கலாம், வெங்காயம் வைக்கலாம்.

பழுதுபார்ப்பில் நம்மாலேயே ஆகக்கூடியவை நிறைய. மர அலமாரியைப் பார்த்தவுடன் வார்னிஷை முழுக்க உரிக்கும் ஆசை வரும். அவசரப்படாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்புக் கலந்து, நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்த்தி, மெழுகு பாலிஷ் போட்டுப் பாருங்கள். பாதிச் சாமான்களுக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாது. ஐம்பது வருட எண்ணெய்ப் பிசுக்கைத்தான் நாம் 'நிறம் மங்கிவிட்டது' என்று நினைத்துக்கொண்டிருப்போம். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால் ஒரு எச்சரிக்கை உண்டு. அந்த எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டால், காயும்போது உண்டாகும் சூட்டில் தானாகவே தீப்பிடிக்கும். கதையில்லை, உண்மை. துணியை விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

ரோத்தான் பின்னிய நாற்காலியின் இருக்கை தொய்ந்திருந்தால், அறுபடாதவரை அதைக் காப்பாற்றலாம். நாற்காலியைக் கவிழ்த்து, வெந்நீரில் நனைத்த துணியை அடிப்பக்கத்தில் அரை மணி நேரம் போட்டு வைத்து, பிறகு நிழலில் காற்றோட்டமாகக் காயவிடுங்கள். காயக் காய அது இழுத்துக்கொள்ளும். பித்தளைக்குப் புளி இருக்கவே இருக்கிறது. அதை இந்தப் பத்தியைப் படிக்கும் யாருக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பளபளவென்று தேய்ப்பதா, கருமை படிந்ததை அப்படியே விடுவதா என்பது அவரவர் விருப்பம். சாமி அறையில் இருப்பதைத் தேய்த்துவிட்டு ஹாலில் இருப்பதை விட்டுவிடுகிற வீடுகள் உண்டு. பார்க்க நன்றாகவே இருக்கிறது.

தரை ஓடுகளைப் பற்றியும் அந்த வாசகி கேட்டிருந்தார், பெரானாக்கான் வீடுகளில் உள்ள பூப்போட்ட ஓடுகளைப் போடலாமா என்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்தும் பிறகு ஜப்பானிலிருந்தும் இங்கே கப்பலில் வந்தவை அவை. மலாயாவிலும் பர்மாவிலும் வட்டித் தொழில் செய்த நகரத்தார் கட்டிய செட்டிநாட்டு வீடுகளிலும் ஜப்பானிய ஓடுகளைக் காணலாம். பிறகு அந்த ஊர்ப்பக்கமே தனக்கென்று ஒரு வகை ஓட்டை வைத்துக்கொண்டது. காரைக்குடி அருகே ஆத்தங்குடியில், கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்துச் செய்வார்கள். கண்ணாடி ஒட்டியிருந்த பக்கம்தான் அந்த மினுமினுப்பு. இரண்டு வகையும் நம் மூவாயிரத்துக்குள் வராது. அடுக்குமாடியில் தரையை உடைக்க நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். ஆசை தீர உதிரியாக நான்கு ஓடு வாங்கி, பழைய ஸ்டூலின் மேல் பதித்துச் செடி மேசை ஆக்கிக்கொள்ளுங்கள். பழைய அடுக்குமாடி என்கிறீர்கள். தரையில் ஏற்கெனவே மொசைக் இருந்தால் அதன் மேல் பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டிவிடாதீர்கள். அதைத் தேய்த்து மெருகேற்றினாலே போதும். அந்தப் புள்ளித் தரைக்காகத்தான் புது வீட்டுக்காரர்கள் இப்போது 'டெராசோ' என்று பெயர் சொல்லி ஆயிரக்கணக்கில் கொட்டுகிறார்கள்.

சுவருக்குக் குடும்பப் படங்கள். தாத்தா பாட்டியின் ஸ்டூடியோ படம், தோட்டத்துக் கோயில் திருவிழாப் படம், தமிழ்ப்பள்ளி வகுப்புப் படம் என்று எந்த வீட்டிலும் நான்கைந்து இருக்கும். மூலப் படத்தைச் சட்டத்தில் போடாதீர்கள். நம் ஈரப்பதத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், வெயிலில் வெளுக்கும். வருடிப் பெரிதாக அச்சிட்டு அதை மாட்டுங்கள். மூலத்தை உறையில் போட்டு வையுங்கள். படத்தின் பின்னால் யார் யார், எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று மாமியாரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், இந்த வாரமே.

கடைசியாக உருளி. பித்தளை உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிட்டு வாசலில் வைப்பது இப்போது எல்லா வீட்டிலும் வந்துவிட்டது. நம் நாட்டில் தேங்கிய சுத்தமான தண்ணீர் என்றால் ஏடிஸ் கொசுவுக்கு அழைப்பிதழ். சுகாதார அதிகாரி வந்து புழுவைக் கண்டால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அபராதம் கட்ட வேண்டியிருக்கும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழெட்டு நாள் போதும். தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது, உள் விளிம்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டைகள் விளிம்பில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தே கிடந்து, நனைந்ததும் பொரிக்கும். வாரத்துக்கு இரண்டு முறை செய்ய நேரமிருந்தால் தண்ணீர் வையுங்கள். இல்லாவிட்டால் உருளியில் எலுமிச்சையையோ மாம்பழத்தையோ அடுக்கி வையுங்கள். கம்பிவலை அலமாரி வாங்கினால், எறும்பு ஏறாமலிருக்க அதன் நான்கு கால்களுக்கும் அடியில் வைத்திருந்த தண்ணீர்க் கிண்ணங்களையும் சேர்த்துக் கொடுப்பார்கள். அவற்றைக் காலியாகவே வையுங்கள்.